கேட்டதும் சொன்னதும்: காலண்டர் தாள்ல ஒரு வருசம்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரு தம்பி, பேப்பர கொஞ்சம் கொஞ்சமா நகத்தி போட்டோ போட்டோவா எடுத்து படமாக்குறாங்களே, அந்த ஸ்டாப் மோஷன் நம்ம வீட்ல பண்ண முடியுமான்னு கேட்டிருந்தாரு. முடியும்னு நாலு வரி எழுதி விட்டுட்டேன். அதுக்கப்புறம் வைபர்ல வந்த மெசேஜ், லெட்டர், கடைக்கே நேர்ல வந்து நின்னு கேட்டவங்கன்னு பாத்தா, இந்த மாசம் பக்கம் பூராவையும் இதுக்கே குடுத்துடலாம்னு தோணிடுச்சு. எங்க வீட்ல தாத்தா காலத்துலேருந்து ரங்கூன்ல பைண்டிங் வேலை, பேப்பர் தூசியில வளந்தவ நான், கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைங்களோட சேந்து சின்னச் சின்னதா ஏழு படம் பண்ணியிருக்கேன். அதுல கைல பட்டதத்தான் சொல்றேன்.

அக்கா, எங்கிட்ட பழைய போன் ஒன்னுதான் இருக்கு. வரையவும் வராது. நெட்ல பாத்தா பரிசோதனைப் படம், எக்ஸ்பெரிமென்டல்னு என்னென்னமோ சொல்றாங்க, ஒன்னும் புரியல. எதுல ஆரம்பிக்கிறது?
— கல்லூரி மாணவி, ரங்கூன்

வரைய வராதுன்னா கவலையே படாதம்மா. வரையத் தெரிஞ்ச பிள்ளைங்க எடுத்த எடுப்புல பேப்பர வெட்டி மனுசன், நாய், வீடுன்னு செஞ்சு அதுங்கள நடக்க வைக்கப் பாக்கும், அதுவும் அழகுதான், ஆனா அங்க பேப்பர் வேசம் கட்டிட்டு நிக்குது. எனக்குப் பிடிச்சது பேப்பர் பேப்பராவே வர்ற படம். இப்பவே ஒரு ஏ4 தாள எடுத்து நல்லா கசக்கி உருண்டையாக்கி மேசை மேல போட்டுட்டு சும்மா பாரு, அது சும்மா இருக்காது, க்ரிக் க்ரிக்னு சத்தம் போட்டுக்கிட்டே தானா கொஞ்சம் விரியும், அப்புறம் நிக்கும், நீ திரும்பிப் பாக்குறதுக்குள்ள இன்னொரு மூலை எந்திரிக்கும். பரிசோதனைன்னு பெரிய வார்த்தைல சொல்றது இவ்வளவுதான், கதைய முதல்லயே எழுதி வச்சுட்டு பேப்பர அதுக்குள்ள திணிக்காம, பேப்பர் என்ன பண்ணுதுன்னு பாத்து அது பின்னாடியே போறது.

கணக்கு சொல்லிடுறேன். சினிமால செகண்டுக்கு 24 ப்ரேம், அதாவது 24 தனித்தனி போட்டோ, நமக்கு 12 போதும். அப்ப ஒரு நிமிசத்துக்கு 720 போட்டோ, அத நினைச்சு மலைச்சுப் போயிடாத, முதல் படத்துக்கு பத்து செகண்ட் வை, 120 போட்டோ, ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோன்னு ஆப் இருக்கு, முந்தின ப்ரேம மங்கலா மேல காட்டும், எவ்வளவு நகத்தினோம்னு அத வச்சு தெரிஞ்சுக்கலாம். போன கையில பிடிச்சு மட்டும் எடுக்காத. ரெண்டு பக்கமும் புத்தகத்த அடுக்கி, மேல ஒரு பலகைய வச்சு, கேமரா வெளிய நீட்டிக்கிட்டு கீழ பாக்குற மாதிரி போன பலகையோட டேப் போட்டு ஒட்டிடு. ஒயர் இயர்போன் இருந்தா மாட்டிக்கோ, நிறைய போன்ல அதோட வால்யூம் பட்டனே போட்டோ எடுக்கும், போன தொடவே வேணாம், ஆட்டமும் வராது.

ஜோகன்னஸ்பர்க்ல வில்லியம் கென்ட்ரிட்ஜ்னு ஒரு ஓவியர் இருக்காரு. 1989லேருந்து அவர் பண்ற படங்கள்ல ஒரே தாள்ல கரித்துண்டால வரைஞ்சு, ஒரு ப்ரேம் எடுத்து, கொஞ்சம் அழிச்சு, மறுபடி வரைஞ்சு, மறுபடி எடுத்துன்னே போவாரு. அழிச்ச தடம் தாள்ல மங்கலா அப்படியே கிடக்கும், அத அவரு மறைக்கிறதே இல்ல, ஒரு ஆள் நடந்து போனா அவன் பின்னாடியே அவன் முன்ன நின்ன இடமெல்லாம் சாம்பல் கலர்ல தெரியும். மறக்க முடியாத மாதிரி இருக்கும். அத முதல் தடவ பாத்த அன்னிக்குத்தான் தாளுக்கு ஞாபகம் இருக்குன்னு எனக்குப் பட்டுச்சு. நீயும் கசங்கின தாள நீவி நேராக்கிப் பாரு, ஒரு கோடு போகாது. நார் ஒருதடவ மடிஞ்சு உடைஞ்சா உடைஞ்சதுதான்.

எங்க பாட்டி தினசரி காலண்டர் தாள கிழிச்சா தூக்கிப் போடவே மாட்டாங்க, வருசா வருசம் நூல் போட்டுக் கட்டி பெட்டில வச்சிருக்காங்க. பின்பக்கம் பால் கணக்கு, யாரு வந்தாங்க போனாங்கன்னு எழுதுவாங்க. இத வச்சு எதாவது படம் பண்ணலாமா அக்கா?
— பெகுவிலேருந்து ஒரு பேத்தி

இந்த லெட்டர படிச்சுட்டு நான் அன்னிக்கு வேலையே செய்யல. உன் கைல இருக்கிறது பாதி முடிஞ்ச படம்மா.

ஒரு வருசத்துக்கு 365 தாள். ஒரு தாளுக்கு ஒரு ப்ரேம்னு வச்சா, செகண்டுக்கு 12 வீதம், ஒரு முழு வருசமும் முப்பது செகண்ட்ல ஓடிடும். ஒரு மாசத்துக்கு ரெண்டரை செகண்ட். நான் எங்க கடை காலண்டர்ல ரெண்டு மாசத்துக்கு மட்டும் எடுத்துப் பாத்தேன். தேதி நம்பர் 1லேருந்து 31 வரைக்கும் குதிச்சுப் போயி டக்குனு ஒன்னுக்கு வரும். ஞாயித்துக்கிழமை சிவப்புல அச்சாயிருக்குல்ல, அது ஏழு ப்ரேமுக்கு ஒருதடவ வந்து போறப்ப நாடி துடிக்கிற மாதிரியே இருக்கு. நான் அத எதிர்பாக்கவே இல்ல, எடிட் பண்ணி வந்த எஃபெக்டும் கிடையாது, காலண்டர அச்சடிச்சவர் வச்ச சிவப்புதான். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம்லாம் எழுத்தா படிக்க முடியாம பொடிப் பொடியா நடுங்கும், நடுவுல அமாவாசையோட கறுப்பு வட்டம் ஒன்னு மின்னி மறையும்.

இப்ப வேலைய சொல்றேன், கவனமா கேட்டுக்கோ. ஒவ்வொரு தாளும் ஒரே இடத்துல உக்காரணும், ஒரு நூலளவு தள்ளினாலும் நம்பர் ஆடும். தடிமனான அட்டைல 'எல்' மாதிரி ரெண்டு பட்டை வெட்டி மேசைல ஒட்டிடு, தாளோட மூலைய அதுல முட்டுக்குடுத்து வைக்கணும். எந்த மூலைங்கிறதுதான் முக்கியம். மேல்பக்கம் கிழிச்ச பக்கம், ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காது, அத நம்பாத. கீழ் மூலைய முட்டுக்குடு, அது கட்டிங் மெசின்ல ஒன்னா வெட்டினது, 365ம் ஒரே அளவா இருக்கும். தாள் மெல்லிசு, பின்பக்கம் பாட்டி எழுதினது முன்பக்கம் தெரியும், அடியில கறுப்பு சார்ட் பேப்பர வச்சா அது அடங்கும். கட்டி வச்சிருந்த தாளெல்லாம் வளைஞ்சிருக்கும், ரெண்டு நாள் கனமான புத்தகத்துக்கு அடியில போட்டு வை. அயர்ன் பண்றேன்னு போயிடாத, பழுப்பாயிடும்.

அப்புறம் பின்பக்கம். முப்பது செகண்ட் பஞ்சாங்கத்தோட வருசம் ஓடி முடிஞ்சதும் கட்ட அப்படியே திருப்பிப் போட்டு, டிசம்பர்லேருந்து ஜனவரிக்கு, பாட்டியோட வருசத்த ஓட விடு. பென்சில்ல 'பால் 2', 'பால் 2', 'பால் 1'னு ஓடிக்கிட்டே வரும், எங்கயாவது ஒரு தாள்ல 'மருமக வந்தா'ன்னோ 'கரண்ட் இல்ல'ன்னோ இருக்கும்ல, அந்தத் தாள்ல மட்டும் நிறுத்து. ஒரு ப்ரேம் வச்சா கண்ணுல படாது, ஆறு ப்ரேம் வை, அரை செகண்ட் நிக்கும், படிச்சுடலாம். எந்தத் தாள்ல நிறுத்தணும்னு நீ முடிவு பண்ணாத, பாட்டிகிட்ட கட்ட குடுத்து எடுத்துத் தரச் சொல்லு. எழுதாத வெத்துத் தாளும் வரும், அதையும் எடு, ஒன்னும் நடக்காத நாளும் வருசத்துல உண்டு.

ஒரு எச்சரிக்கை. சிவப்பும் வெள்ளையுமா அடுத்தடுத்து மாத்தி மாத்தி வேகமா அடிக்கிற மாதிரி மட்டும் பண்ணிடாத. செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல பளிச் பளிச்னு அடிச்சா வலிப்பு இருக்கிறவங்களுக்கு ஆபத்து, சிவப்பு இன்னும் மோசம். ஏழு ப்ரேமுக்கு ஒரு ஞாயிறுன்னா செகண்டுக்கு ரெண்டுகூட வராது, பயமில்ல.

நானும் என் ப்ரெண்டும் ஜன்னல் பக்கத்துல மேசை போட்டு 200 போட்டோ எடுத்தோம் அக்கா, ஓட்டிப் பாத்தா வெளிச்சம் விட்டு விட்டுத் துடிக்குது, பாக்க முடியல. போன் கோளாறா?
— பத்தாம் வகுப்பு, தாட்டன்

போன் மேல பழி போடாதப்பா. மேகம்தான். உன் கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஜன்னல் வெளிச்சம் நிமிசத்துக்கு நிமிசம் மாறிக்கிட்டே இருக்கும், அதோட போனும் தானா பிரைட்னஸ், கலர் ரெண்டையும் ஒவ்வொரு போட்டோவுக்கும் புதுசா முடிவு பண்ணும், ரெண்டும் சேந்தா துடிக்காம என்ன பண்ணும். ஜன்னல மூடு, துணி போட்டு அடை, ஒரே ஒரு லைட்டு வை. ஆப்ல எக்ஸ்போசர் (பிரைட்னஸ்), ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் (கலர்) மூணையும் மாறாம லாக் பண்ணு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால சில எல்ஈடி பல்பு ஒரு சுத்துக்கு ரெண்டு தடவன்னு செகண்டுக்கு 100 தடவ ஏறி இறங்கும், மேனுவல்ல ஷட்டர, அதாவது ஒரு போட்டோவுக்கு வெளிச்சம் உள்ள வர்ற நேரத்த, 1/50 இல்ல 1/25 செகண்ட்ல வச்சா அது போட்டோல தெரியாது. இன்னொன்னு யாரும் சொல்ல மாட்டாங்க: வெள்ளச் சட்ட போட்டுட்டு எடுக்காத. நீ கிட்ட வர்றப்ப சட்டைல பட்ட வெளிச்சம் பேப்பர் மேல விழும், தள்ளி நின்னா போயிடும், அதுவும் ஒரு துடிப்புதான். கறுப்புச் சட்ட, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நில்லு.

சார்ஜ் லைட்ட வச்சு எடுக்கிறவங்களுக்கும் சொல்றேன், பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும், அதனால முழுசா சார்ஜ் ஏத்திட்டு ஒரு சீன ஒரே உக்காப்புல முடிங்க. ஒருதடவ 300 ப்ரேம் எடுத்துக்கிட்டிருக்கிறப்ப நடுவுல கரண்ட் போச்சு, பிள்ளைங்க அழாத குறை. திரும்ப வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேணாம்னு ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சு லாக்க எடுத்துட்டு மேல எடுத்தோம். பேப்பர் படகு வெள்ள வெளிச்சத்துல போயிக்கிட்டிருக்கும், திடீர்னு மஞ்சளா, நிழல் நீண்டு, படகு ராத்திரிக்குள்ள நுழைஞ்ச மாதிரி ஆயிடும். அந்தப் படத்துல பிள்ளைங்களுக்கு இன்னிக்கும் பிடிச்ச இடம் அதுதான். (மெழுகுவத்தி வச்சா பெரியவங்க ஒருத்தர் கூடவே இருக்கணும், பேப்பர தள்ளி வைக்கணும், பக்கத்துல தண்ணி இருக்கணும்.)

மோல்மீன் மழையப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ராத்திரி ஒட்டி வச்ச பேக்ரவுண்ட் காலைல பாத்தா அப்பளம் மாதிரி நெளிஞ்சு கிடக்கு. நவம்பர் வரைக்கும் காத்திருக்கணுமா?
— வாசகர், மோல்மீன்

காத்திருக்க வேணாம், ஆனா பேப்பரோட ஓட்டத்த தெரிஞ்சுக்கணும். மில்லுல பேப்பர் ஓடி வர்றப்ப நாரெல்லாம் ஒரே பக்கமா படுத்துக்கும், அத நாங்க கிரெயின்னு சொல்வோம். ஈரம் பட்டா நார் நீளத்துல அவ்வளவா வளராது, குறுக்க ஊதும், அதனாலதான் தாள் ஒரு பக்கமா மட்டும் சுருளுது. கண்டுபிடிக்க ஈசி, நியூஸ் பேப்பர மேலேருந்து கீழ கிழிச்சுப் பாருங்க, கோடு போட்ட மாதிரி வரும், குறுக்க கிழிச்சா கன்னாபின்னான்னு ஓடும். நேரா கிழியிற பக்கம்தான் கிரெயின். ரெண்டு தாள ஒட்டுறப்ப ரெண்டோட கிரெயினும் ஒரே பக்கம் இருக்கணும், இத மாத்தி ஒட்டினதுக்கு எங்கப்பாகிட்ட நான் வாங்காத திட்டு இல்ல. மைதாப் பசை நல்ல பசைதான், ஆனா அதுவே தண்ணி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா அட்டை வளையும், பின்பக்கமும் அதே மாதிரி ஒரு தாள ஒட்டினா ரெண்டும் இழுத்துப் பிடிச்சு நேரா நிக்கும். படத்துக்கு மட்டும்னா பசையே வேணாம், டபுள் சைடு டேப் போதும். ராத்திரி எல்லாத்தையும் பிளாஸ்டிக் பைல போட்டு இறுக்கி மூடி வைங்க, செருப்பு டப்பால வருமே சிலிக்கா ஜெல் பாக்கெட்டு, அதுல நாலஞ்சு உள்ள போடுங்க.

இவ்வளவும் சொல்லிட்டேன், ஆனா மனசுல இருக்கிறது வேற. அந்த மழையையே எடுங்க. நியூஸ் பேப்பர்ல பூ மாதிரி வெட்டி, இதழ் எல்லாத்தையும் உள்பக்கமா மடிச்சு, ஒரு தட்டுத் தண்ணில மெதுவா விடுங்க. மடிப்புல இருக்கிற நார் தண்ணிய குடிச்சு ஊதும், இதழ் ஒன்னொன்னா தானா விரியும், கை வைக்கவே வேணாம், நீங்க பட்டன மட்டும் அமுக்கிக்கிட்டே இருங்க. நியூஸ் பேப்பர் சட்டுன்னு விரியும், அதவிட தடிமனான ஜெராக்ஸ் தாள் நின்னு நிதானமா விரியும், கல்யாணப் பத்திரிகை அட்டைன்னா ரொம்ப நேரம் ஆகும். மூணையும் ஒரே தட்டுல விட்டுப் பாருங்க.

கத்தரிக்கோல்ல வெட்டினா அழகா இருக்கா, கையால கிழிச்சா அழகா இருக்கா?
— வாசகி, சிரியம்

ரெண்டும் ரெண்டு குரல். வெட்டுக்கு உச்சம்னா ஜெர்மனியில லோட்டே ரைனிகர்னு ஒரு அம்மா, 1923லேருந்து 1926 வரைக்கும் உக்காந்து கறுப்பு அட்டையையும் மெல்லிசான ஈயத் தகட்டையும் வெட்டி, கை கால் மூட்ட கம்பியால கோத்து, கண்ணாடி மேல படுக்க வச்சு, அடியிலேருந்து வெளிச்சம் குடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுற படம் எடுத்தாங்க. நம்ம தோல்பாவைக் கூத்த பாத்தவங்களுக்கு அது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். சீனால 1958ல வான் குச்சான்னு ஒருத்தர், அவங்க ஊர் ஜன்னல்ல ஒட்டுற பேப்பர் வெட்டு வேலையவே படமாக்கினாரு.

கிழிச்சா வேற கதை. கலர் அச்சுத் தாள கிழிக்கிறப்ப ஒரு துண்டுல வெள்ள ஓரம் வரும், இன்னொரு துண்டுல வராது, உங்க பக்கமா இழுக்கிறீங்களா அந்தப் பக்கமா தள்ளுறீங்களாங்கிறத பொறுத்து. அந்த வெள்ள ஓரத்த வச்சே அலைக்கு நுரை, மலைக்கு வெளிச்சம் எல்லாம் வரும். முதல் படத்துக்கு நான் கிழிக்கத்தான் சொல்வேன், கை தானா இறங்கும்.

படத்துல பர்மா தெரியணும், ஆனா பகோடா, பலூன்னு போஸ்ட்கார்டு மாதிரி ஆயிடக்கூடாது. என்ன பேப்பர் எடுக்கலாம்?
— அண்ணன் தம்பி ரெண்டு பேர், மண்டலை

மண்டலைல இருந்துக்கிட்டு பேப்பர் கேக்குறீங்களே! தங்கத்த மெல்லிசான ரேக்கா அடிக்கிற பட்டறைல மூங்கில் நார்ல செஞ்ச தாள் வச்சுத்தான் அடிக்கிறாங்க, அந்த வேலைய ஒருதடவ பக்கத்துல நின்னு பாருங்க. மகாமுனி கோயில்ல புத்தர் சிலைக்கு ரேக்கு ஒட்டினதும் கைல ஒரு சின்னச் சதுரத் தாள் மிஞ்சும்ல, பொம்பளைங்க நாங்க சிலைகிட்ட போக முடியாது, என் தம்பி ஒட்டிட்டு வந்து அந்தத் தாள்ல மூணு எங்கிட்ட குடுத்தான். உள்ளங்கைல பாதிகூட இல்ல, வெளிச்சத்துல சாய்ச்சா ஓரத்துல ரெண்டு மூணு பொட்டுத் தங்கம் மட்டும் மின்னும், நேரா பிடிச்சா வெறும் தாள். லைட்ட ஒவ்வொரு ப்ரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி நகத்துங்க, தாள அசைக்கவே வேணாம், பொட்டு தானா எரிஞ்சு அணையும். அத மரியாதையா எடுங்க, முடிச்சதும் குப்பைல போடாதீங்க.

சான் மாநிலத்துல பிண்டயாங்கிற ஊர்ல செய்ற சான் பேப்பரும் இருக்கு. மல்பெரி பட்டைய வேக வச்சு, அடிச்சு கூழாக்கி, தண்ணில மிதக்கிற துணிச் சட்டத்துல பரப்பி, பூவெல்லாம் தூவி வெயில்ல காய வைப்பாங்க. கண்ணாடிக்கு மேல போட்டு அடியிலேருந்து வெளிச்சம் குடுத்தா நீள நீளமா நார் தெரியும். அம்மா முகத்துல பூச கல்லுல உரசுற தனாக்கா மரப்பட்டைச் சாந்தையும் விடாதீங்க, கறுப்பு சார்ட்ல தண்ணியா பூசினப்ப ஒன்னுமே தெரியாது, காயக் காய ஓரத்துலேருந்து மஞ்ச வெள்ளையா பூத்துக்கிட்டே வரும், அஞ்சு செகண்டுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டே இருங்க.

சூப்பர் மார்க்கெட் பில்லெல்லாம் வீட்ல குவிஞ்சு கிடக்கு, எதுக்காவது ஆகுமா?
— குடும்பத் தலைவி, ரங்கூன்

ரொம்ப நல்லா ஆகும். அது சூடு பட்டா கறுக்கிற பூச்சு போட்ட தாள், மிசின்ல மையே கிடையாது. கொதிக்கிற தண்ணி ஊத்தின எவர்சில்வர் டம்ளர அது மேல வச்சு எடுத்தா வட்டமா கறுப்பு விழும், நகத்தால வேகமா கீறினாக்கூட கோடு விழும். டம்ளர ஒவ்வொரு ப்ரேமுக்கும் தள்ளித் தள்ளி வச்சா வட்டம் வட்டமா உருண்டு போயி கடைசில பில்லு முழுக்க கறுத்துடும். அந்தப் பூச்சுல நல்லதல்லாத கெமிக்கல் கலந்திருக்கலாம், சின்னப் பிள்ளைங்க கைல ரொம்ப நேரம் குடுக்காதீங்க, முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவிடுங்க.

பையன் ராப்பகலா பேப்பர வெட்டிக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கான். படிப்பு கெடுமேன்னு பயமா இருக்கு தங்கச்சி.
— ஒரு தகப்பனார், ரங்கூன்

உங்க பயம் புரியுது அண்ணே, நேரம் வச்சு விடுங்க, ராத்திரி தூங்கணும். ஆனா ஒருநாள் அவன் பக்கத்துல உக்காந்து பாருங்க. நாலு மணி நேரம் எந்திரிக்காம ஒரு வேலைய பொறுமையா செய்ற பையன நான் இந்தக் காலத்துல அதிகம் பாக்கல. செகண்டுக்கு 12ன்னு பெருக்கி வகுத்து, வெளிச்சம் எங்கேருந்து விழுதுன்னு யோசிச்சு, கோடு கோணாம வைக்கிறான். அவன் எடுத்தத வீட்ல எல்லாரும் சேந்து ஒருதடவ பாருங்க, அதுவே அவனுக்குப் பெருசு.

பாட்டு போடலாமா, இல்ல வேற சத்தமா?
— தமிழ் வகுப்பு மாணவர்கள்

சினிமாப் பாட்டு வேணாம் கண்ணுங்களா, பாட்டு வந்தா பேப்பர யாரும் பாக்க மாட்டாங்க. போர்வைக்குள்ள போன வச்சுக்கிட்டு பேப்பர் சத்தத்தையே ரெக்கார்ட் பண்ணுங்க. சிமென்ட் பையோட பேப்பர் இடி மாதிரி உறுமும், டிஷ்யூ பேப்பர் பெருமூச்சு விடும், புதுப் புத்தகத்த விரலால சரசரன்னு விட்டா மழை. தாளத்தோட வேணும்னா முதல்ல கைதட்டி ரெக்கார்ட் பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி எடுங்க, செகண்டுக்கு ரெண்டு தட்டுன்னா ஒரு தட்டுக்கு ஆறு ப்ரேம்.

தாத்தா ஒரு பிஸ்கட் டின்ல நம்ம பர்மாப் பணம், 75 சாட் நோட்டு பதினொன்னு வச்சுட்டுப் போயிட்டாரு. எல்லாம் 1987ல செல்லாமப் போனது. இத வச்சு அவரப் பத்தி ஒரு படம் பண்ணணும்னு இருக்கேன். வெட்டி ஒட்டலாமா? எரிக்கிற மாதிரி எடுத்தா நல்லா இருக்குமா?
— ஒரு தம்பி, ரங்கூன்

எரிக்காதப்பா. வெட்டவும் வேணாம். நோட்ட ஜெராக்ஸ் எடுத்து வெட்டுறேன்னும் போகாத, செல்லாத நோட்டா இருந்தாலும் உனக்கும் கடைக்காரருக்கும் வீண் வம்பு.

அந்த 75 சாட் நோட்டு வந்தது 1985 நவம்பர்ல, போனது 1987 செப்டம்பர் 5ல, ரெண்டு வருசம்கூட ஆயுசு இல்ல. 25, 35, 75 மூணும் ஒரே நாள்ல செல்லாதுன்னு ஆச்சு, மாத்தியும் குடுக்கல. எங்க கடைலயும் அன்னிக்கு கூலி குடுக்க வச்சிருந்த காசு அப்படியே தாளாப் போச்சுன்னு அப்பா சொல்லியிருக்காரு. அவரு அத கணக்கு நோட்டோட அட்டைக்குள்ள வச்சு பைண்ட் பண்ணிட்டாரு, அந்த நோட்டு இன்னும் எங்க அலமாரில இருக்கு, நான் அத பிரிச்சது இல்ல.

தாத்தா நோட்ட எப்படி மடிச்சு வச்சிருக்காருன்னு முதல்ல பாரு. நாலா மடிச்சிருக்கா, சுருட்டியிருக்கா, கைலி மடிப்புல சொருகின மாதிரி ஒரு ஓரம் மட்டும் நசுங்கியிருக்கா. அந்த மடிப்பு அவரோட கை போட்டது, வேற எங்கயும் அவரு கைத்தடம் இவ்வளவு தெளிவா உனக்குக் கிடைக்காது. புதுசா ஒரு மடிப்புகூட நீ போட வேணாம். கறுப்புத் துணி மேல ஒரு நோட்ட மடிச்சபடியே வை. லைட்ட ரொம்பத் தாழ்வா, மேசையோட மேசையா பக்கவாட்டுல வை, அப்பத்தான் ஒவ்வொரு மடிப்பும் மலைச் சரிவு மாதிரி நிழல் விடும். பதினோரு நோட்டையும் ஒன்னொன்னா, அதோட பழைய மடிப்பு வழியாவே, ஒரு ப்ரேமுக்கு கொஞ்சம் கொஞ்சமாத் திற. ஆரம்பத்துலயும் முடிவுலயும் ரொம்ப மெதுவா நகத்து, நடுவுல கொஞ்சம் வேகமா, அப்பத்தான் கை திறக்கிற மாதிரி இருக்கும். நோட்டு திரும்ப மூடிக்கப் பாக்கும், பிடிச்சு அழுத்தாத, அது மூடுறதையும் எடு. பழசு, ஓரமெல்லாம் நைஞ்சிருக்கும், கை கழுவி நல்லா காய வச்சுட்டுத் தொடு.

பாட்டி இருந்தா அவங்க குரல ரெக்கார்ட் பண்ணு, அன்னிக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் கேளு, வேற எதுவும் கேக்காத. எடுத்து முடிச்சதும் பதினோரு நோட்டையும் அவரு மடிச்ச மடிப்புலயே மடிச்சு, அதே டின்ல வச்சு, மூடிய இறுக்கி மூடிடு.